பட்டறையோடு வந்த அருங்காட்சியகம்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ‘ஸ்டூடியோ மியூசியம்’ என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அப்படியே தமிழில் சொன்னால் ‘பட்டறை அருங்காட்சியகம்’. கொஞ்சம் யோசித்தால் இந்தப் பெயருக்குள்ளேயே ஒரு சண்டை நடப்பது தெரியும். அருங்காட்சியகம் என்பது வேலை முடிந்த பிறகு பொருட்கள் போய்ச் சேரும் இடம். கண்ணாடிப் பெட்டி, பெயர்ப்பலகை, ‘தொடாதீர்கள்’. பட்டறை வேலை நடக்கிற இடம். தரையெல்லாம் பெயின்ட், மூலையில் தோற்றுப்போன நான்கு முயற்சிகள், இன்னும் காயாத ஐந்தாவது. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்று 1968இல் சிலருக்கு ஏன் தோன்றியது என்பதுதான் என் கேள்வி.

இன்று உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் ‘ரெசிடென்சி’ நடத்துகின்றன. கலைஞரைக் கூப்பிட்டு, இடமும் பணமும் கொடுத்து, சில மாதம் வேலை செய்யவிட்டு, கடைசியில் ஒரு கண்காட்சி வைப்பார்கள். கேட்க நல்ல காரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹார்லெமில் இது நல்ல காரியமாக ஆரம்பிக்கவில்லை, ஒரு வழக்காக ஆரம்பித்தது. ‘எங்கள் வாழ்க்கை உங்கள் சுவரில் தொங்கலாம், ஆனால் நாங்கள் உள்ளே வரக் கூடாதா?’ என்பது அந்த வழக்கு. அது எப்படி ஒரு திட்டமாக மாறியது, மாறிய பிறகு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

*

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில், ஃபிப்த் அவென்யூ 2033ஆம் எண் கட்டடத்தில் ஸ்டூடியோ மியூசியம் திறக்கப்பட்டது. அரண்மனை மாதிரி எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கீழே மதுக்கடை, மேலே வாடகைக்கு எடுத்த ஒரு மாடி. அவ்வளவுதான். நிறுவியவர்களில் கலைஞர்களும் இருந்தார்கள், சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள், நகரத்தின் வசதியான கலைப் புரவலர்களும் இருந்தார்கள். ஹார்லெம் பிள்ளைகளோடு வேலை பார்த்துவந்த ஓவியர் பெட்டி பிளேட்டன் அவர்களில் ஒருவர். ஒரு குழந்தை ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி வேறோர் உலகத்துக்குப் போக வேண்டியிருந்த காலம் அது.

முதல் கண்காட்சி டாம் லாயிட் என்ற கலைஞருடையது. அவர் ஓவியம் வரைபவர் இல்லை, மின்விளக்குகளை வைத்து வேலை செய்பவர். அலுமினியச் சட்டங்கள், வண்ண பல்புகள், கார் விளக்கு மூடிகள். ஒரு பொறியாளரின் உதவியோடு அந்த விளக்குகள் முன்கூட்டியே அமைத்த வரிசையில் மின்னி அணையும். கிங் செத்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கறுப்பின மக்களுக்கென்று முதன்முதலாக ஓர் அருங்காட்சியகம் ஹார்லெமில் திறக்கிறது. ஆவலோடு படியேறி மேலே வந்தால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய் பல்பு எரிகிறது! வந்தவர்களில் பலருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சிலருக்குக் கோபமே வந்தது. இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம் முகம் எங்கே, நம் துயரம் எங்கே?

அந்தக் கேள்வியை நான் ‘ரசனை இல்லாதவர்கள் கேட்டது’ என்று தள்ள மாட்டேன். அது நியாயமான கேள்வி. ஆனால் லாயிட் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வெள்ளைக்கார ஓவியர் ஒருவர் கோடும் சதுரமும் வரைந்தால் ‘இதில் உன் இனம் எங்கே’ என்று யாரும் கேட்பதில்லை. கறுப்பினக் கலைஞர் மட்டும் எப்போதும் தன் காயத்தைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டுமா? இதே லாயிட் 1971இல் குவீன்ஸின் ஜமைக்கா பகுதியில் ‘ஸ்டோர் ஃப்ரண்ட் மியூசியம்’ என்று தன் மக்களுக்காகவே ஓர் அருங்காட்சியகத்தை ஆரம்பித்தார். சமூகத்தைவிட்டு ஓடிய ஆள் இல்லை அவர். சமூகத்துக்கு பல்பையும் தரலாம் என்று நம்பியவர்.

*

இந்த விவாதம் சூடு ஆறுவதற்குள், 1969 ஜனவரியில், சில மைல் தெற்கே இன்னொரு கண்காட்சி திறந்தது. மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் ‘ஹார்லெம் ஆன் மை மைண்ட்’. அமெரிக்காவின் மிகப்பெரிய கலை அருங்காட்சியகம் முதன்முறையாக ஹார்லெமைத் தன் கூடங்களுக்குள் கொண்டுவந்தது. பெரிதாக்கிய புகைப்படங்கள், திரையில் ஓடும் படிமங்கள், தெருவின் ஓசைகள். இல்லாதது ஒன்றுதான். ஹார்லெம் ஓவியர் ஒருவரின் ஓவியமோ, சிற்பி ஒருவரின் சிற்பமோ அதில் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். ரோமரே பியர்டன் அப்போது உயிரோடு இருக்கிறார். நார்மன் லூயிஸ் இருக்கிறார். ஜேக்கப் லாரன்ஸ் இருக்கிறார். கலை அருங்காட்சியகம் ஒன்று ஓர் ஊரைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறது, ஆனால் அந்த ஊரின் கலையை வைக்கவில்லை. பென்னி ஆண்ட்ரூஸ் முதலிய கலைஞர்கள் ‘பிளாக் எமர்ஜென்சி கல்ச்சுரல் கோயலிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கி, பனிக்காலக் குளிரில் மெட் வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பியர்டன், லூயிஸ் போன்ற மூத்தவர்களும் அந்தக் கண்காட்சியை எதிர்த்தார்கள்.

இந்தக் கதையில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது ஒரு கிழவரின் பங்கு. ஜேம்ஸ் வான் டெர் ஸீ, 1886இல் பிறந்தவர். லெனாக்ஸ் அவென்யூவில் ஸ்டூடியோ வைத்து, பல பத்தாண்டுகள் ஹார்லெம் மக்களின் கல்யாணம், சாவு, பட்டமளிப்பு, புது கோட்டு, புது கார் எல்லாவற்றையும் படம் எடுத்தவர். மெட் கண்காட்சியில் பலரையும் கவர்ந்தவை அவருடைய படங்கள்தாம். எண்பது வயதைத் தாண்டிய பிறகு புகழ் வந்தது. அதே 1969இல் அவரும் மனைவியும் தங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். படங்கள் ஃபிப்த் அவென்யூ மாளிகையில், எடுத்தவர் நடுத்தெருவில்.

ஒரு சமூகத்தைப் பொருளாக எடுத்துக்கொள்வதற்கும், அந்தச் சமூகத்தின் ஆட்களை ஏற்றுக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

*

இந்த இடத்தில்தான் வில்லியம் டி. வில்லியம்ஸ் வருகிறார். 1942இல் வட கரோலினாவில் பிறந்து, 1968இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து வந்த இளம் ஓவியர். அருவ ஓவியர். நண்பர் மெல்வின் எட்வர்ட்ஸ் உள்ளிட்ட சிலரோடு சேர்ந்து ‘ஸ்மோக்ஹவுஸ்’ என்ற குழுவாக ஹார்லெமின் காலி மனைகளைச் சுத்தம் செய்து, பக்கத்துச் சுவர்களில் பெரிய வடிவியல் ஓவியங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலைவர்களின் முகமில்லை, முழக்கமில்லை, வண்ணமும் வடிவமும் மட்டும். குப்பைமேடாக இருந்த இடத்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தால் அதுவே அரசியல் என்பது அவர்கள் கணக்கு.

அவர் ஸ்டூடியோ மியூசியத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். சாராம்சம் எளிது. கறுப்பினக் கலைஞர்களுக்கு வேலை செய்ய இடம் வேண்டும். அதை இந்தக் கட்டடத்துக்குள்ளேயே கொடுங்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் படியேறி வந்து, ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்கட்டும். அந்த மாடியைப் பட்டறைக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்வதில் வில்லியம்ஸும் எட்வர்ட்ஸும் தங்கள் கைகளாலேயே உழைத்தார்கள்.

லாயிட் கண்காட்சியில் எழுந்த கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ‘கறுப்புக் கலை என்றால் என்ன?’ என்று கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டாம். கலைஞருக்கு இடம் கொடு, என்ன வருகிறது என்று பார். வரையறை முதலில் வரக் கூடாது, வேலை முதலில் வரட்டும். அருவமா உருவமா, விளக்கா மரமா என்பதைப் பட்டறையே தீர்மானிக்கட்டும்.

‘ரெசிடென்சி’ என்ற சொல்லுக்குத் தங்குதல் என்று அர்த்தம். ஆனால் இங்கே கலைஞர்கள் தங்குவதில்லை. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தாம். இப்போதைய நடைமுறையில் ஆண்டுக்கு மூன்று பேர், பதினொரு மாதம், ஆளுக்கு ஒரு பட்டறை, ஓர் உதவித்தொகை, முடிவில் ஒரு கண்காட்சி. 1968இலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்துபோயிருக்கிறார்கள்.

*

பெயர்ப்பட்டியலை மட்டும் படித்தால் தலை சுற்றும். டேவிட் ஹேமன்ஸ் (1980–81), கெரி ஜேம்ஸ் மார்ஷல் (1985–86), நாரி வார்ட் (1992–93), ஜூலி மெஹ்ரேட்டு (2000–01), கெஹிண்டே வைலி (2001–02), வங்கேச்சி முட்டு (2003–04), சிமோன் லீ (2010–11). சமகாலக் கலை வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயமே அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் என்னை ஈர்ப்பது பட்டியல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தெரு எப்படி உள்ளே வந்தது என்பதுதான்.

நாரி வார்ட் ஜமைக்காத் தீவில் பிறந்தவர். எய்ட்ஸும் போதைமருந்தும் ஹார்லெமைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் அங்கே வந்தார். தெருக்களில் அநாதையாகக் கிடந்த குழந்தை வண்டிகளைக் கவனித்தார். குழந்தையைத் தள்ளிக்கொண்டு போன வண்டியில் வீடில்லாதவர்கள் தங்கள் மூட்டைகளையும் பொறுக்கிய டப்பாக்களையும் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அவர்களும் கைவிட்டுப் போனார்கள். வார்ட் அப்படிச் சுமார் 300 வண்டிகளைச் சேர்த்தார். 1993இல் கைவிடப்பட்ட தீயணைப்பு நிலையம் ஒன்றில் அவற்றை ஒரு கப்பலின் வடிவத்தில் அடுக்கி, பழைய தீயணைப்புக் குழாய்களைத் தரையில் பாதையாக விரித்து, மஹாலியா ஜாக்சன் பாடிய ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை ஓடவிட்டார். படைப்பின் பெயரும் அதுதான். பட்டறையில் தொடங்கிய வேலை அருங்காட்சியகத்தின் சுவருக்குள் அடங்காமல் மறுபடி தெருவுக்கே போய்விட்டது.

கெஹிண்டே வைலிக்குத் தெருவில் கிடைத்தது ஒரு கசங்கிய காகிதம். எடுத்துப் பிரித்தால், போலீஸ் எடுத்த ஓர் இளைஞனின் புகைப்படம், கூடவே அவன் விவரங்கள். வைலி ஐரோப்பிய மன்னர்களின், பிரபுக்களின் உருவப்படங்களில் ஊறியவர். அவர்கள் எப்படி நிற்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இந்தப் பையனுக்கு அந்த உரிமை இல்லை. சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தக் காகிதத்திலிருந்துதான் தெருவில் பார்க்கும் சாதாரண இளைஞர்களை ராஜதோரணையில் தீட்டும் அவருடைய பாணி வளர்ந்தது. 2018இல் அவர் தீட்டிய ஒபாமாவின் உருவப்படம் வரை அந்தக் கோடு நீள்கிறது.

இங்கே இன்னொரு கோட்டையும் இழுத்துப் பார்க்கிறேன். முதல் ஆண்டுகளில் அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் சிற்பியும் அச்சுக்கலைஞருமான வாலரி மேனார்ட். அவர் பட்டறையில் மரம் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய சகோதரர் ஒரு கொலை வழக்கில் சிறையில் இருந்தார். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அவருடைய விடுதலைக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். 1974இல்தான் அவர் வெளியே வந்தார். முப்பது ஆண்டு கழித்து வைலியின் கையில் போலீஸ் படம். 2018–19இல் அதே திட்டத்தில் ஸேபிள் எலீஸ் ஸ்மித். அவருடைய தந்தை நீண்டகாலம் சிறையில் இருந்தவர். நீதிமன்றம் வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்தின் பக்கங்களைப் பெரிதாக்கி, கோட்டுக்கு வெளியே கிறுக்கி, அவர் ‘கலரிங் புக்’ வரிசையைச் செய்தார். சிரிக்கும் நீதிபதியின் முகத்தின் மேல் ஒரு குழந்தையின் கோபம்.

மூன்று தலைமுறை, மூன்று கலைஞர்கள். யாரும் யாருக்கும் தலைப்பு கொடுக்கவில்லை. ‘இந்த ஆண்டு சிறை பற்றிச் செய்யுங்கள்’ என்று அருங்காட்சியகம் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது, சிறையின் நிழல் தானாக உள்ளே வந்தது. 1968இல் ‘நம் துயரம் எங்கே?’ என்று கேட்டவர்களுக்கு இது தாமதமாகக் கிடைத்த பதில். துயரம் வந்தது. உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

*

ரெசிடென்சி முடிவில் வைக்கும் கண்காட்சி ஒரு விசித்திரமான வகை. மறைந்த மேதையின் படைப்புகளைக் காட்டும்போது வரலாறு ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருக்கும். நாம் போய்த் தலையாட்டினால் போதும். இங்கே தீர்ப்பு இல்லை. போன மாதம் செய்தது, போன வாரம் செய்தது. நன்றாக இல்லாமலும் இருக்கலாம். பார்வையாளரும் கலைஞரோடு சேர்ந்து பந்தயம் கட்ட வேண்டும்.

2016இல் நடந்த ‘டென்சஸ்’ கண்காட்சியின் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு பட்டறையில் இருந்தவர்களில் ஜோர்டன் காஸ்டீல் ஒருவர். டென்வரில் வளர்ந்தவர். ஹார்லெமின் நடைபாதைகளில் பார்த்த ஆண்களிடம் பேச்சுக் கொடுத்து, புகைப்படம் எடுத்து, பெரிய திரைச்சீலையில் தீட்டினார். ‘கெவின் த கைட்மேன்’ அப்படி வந்த ஓவியம். காற்றாடிக்காரர் கெவின். தினமும் நாம் தாண்டிப் போகும் ஒரு ஆள், நம்மைவிடப் பெரிய அளவில் நேருக்கு நேர் பார்க்கிறார். வான் டெர் ஸீ ஸ்டூடியோவுக்கு வரவழைத்துச் செய்ததை காஸ்டீல் தெருவுக்கே போய்ச் செய்தார்.

அதே கண்காட்சியில் இ.ஜே. ஹில் மரத்தில் ஒரு ரோலர்கோஸ்டர் தடத்தின் சிறு வடிவத்தைக் கட்டினார். அதன் நடுவே ஒரு மேடை. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, அருங்காட்சியகம் திறந்திருந்த நேரமெல்லாம் அந்த மேடையில் அவர் படுத்திருந்தார். பேசவில்லை. கறுப்பின ஆண்கள் தெருவில் போலீஸால் சுடப்பட்டு விழும் படங்கள் தொலைபேசிகளில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஆண்டு அது. வந்தவர்கள் தரையில் கிடக்கும் உடலைப் பார்த்தார்கள். ஆனால் இந்த உடல் மூச்சு விட்டது. ஓய்வெடுத்தது. சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போனது. ‘கலைஞர் இங்கே தங்கியிருக்கிறார்’ என்ற சொல்லை இதைவிட உண்மையாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

*

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன.

ஒன்று, சந்தை. கெரி ஜேம்ஸ் மார்ஷலின் ‘பாஸ்ட் டைம்ஸ்’ ஓவியத்தை 1997இல் சிகாகோவின் ஒரு பொது அமைப்பு 25,000 டாலருக்கு வாங்கியது. 2018 மே மாதம் அதை ஏலத்தில் விட்டது. 2.11 கோடி டாலருக்குப் போனது. அந்தப் பணம் விற்றவருக்கு, வரைந்தவருக்கு இல்லை. ஸ்டூடியோ மியூசியத்தின் ரெசிடென்சி இன்று அந்தச் சந்தைக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று. தோற்றுப்பார்க்க இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய பட்டறையில், வாங்குபவர்களின் கண் முதல் மாதமே விழுந்தால் யார் துணிந்து தோற்பார்கள்?

இரண்டு, உடைமை. வான் டெர் ஸீயின் படங்கள் பிற்காலத்தில் ஸ்டூடியோ மியூசியத்தின் வசமும் வந்தன. 1981இல் அவர் தன் படங்களைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 1983இல் இறந்தார். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. மெட்டை எதிர்த்துப் பிறந்த அதே மனநிலையின் பிள்ளையான ஓர் அருங்காட்சியகமும், ஒரு கலைஞர் தன் வேலைக்காக வாசலில் நிற்கும்படி ஆகியிருக்கிறது. நோக்கம் நன்றாக இருந்தாலும் அருங்காட்சியகத்தின் கை பொருளை நோக்கித்தான் நீளும் போல. 2021இல் மெட்டும் ஸ்டூடியோ மியூசியமும் சேர்ந்தே அவருடைய ஆவணத்தொகுப்பைப் பெற்றுக்கொண்டன. சுமார் 20,000 பிரதிகள், 30,000 நெகட்டிவ்கள். நல்ல முடிவுதான். ஆனால் அவர் பிறந்து 135 ஆண்டு ஆகியிருந்தது.

அதனால்தான் பட்டறை முக்கியம் என்று நினைக்கிறேன். பட்டறையில் இருப்பவரை அருங்காட்சியகம் ‘சேகரிக்க’ முடியாது. அவர் மின்விசிறி ஓடவில்லை என்பார், சாவியைத் தொலைப்பார், கண்காட்சிக் குறிப்பில் எழுதியது தப்பு என்று சண்டைக்கு வருவார். உயிரோடு இருக்கும் ஒரு ஆள் கட்டடத்துக்குள் இருப்பது, அந்தக் கட்டடத்தைக் கொஞ்சமாவது நேர்மையாக வைத்திருக்கும்.

*

1982இல் அருங்காட்சியகம் 125ஆவது தெருவில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்துக்கு மாறியது. 2018இல் அதை மூடி, இடித்து, புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். ஏழாண்டுக்கு மேல் சொந்தக் கட்டடம் இல்லை. ஆனால் ரெசிடென்சி நிற்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்திலும் நடந்தது. ஆண்டுக் கண்காட்சி குவீன்ஸில் உள்ள மோமா பிஎஸ்1இல் இடம் வாங்கி நடந்தது. கட்டடம் இல்லாமல் ஓர் அருங்காட்சியகம் இருக்க முடியும், பட்டறை இல்லாமல் இந்த அருங்காட்சியகம் இருக்க முடியாது என்பது அந்த ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

2025 நவம்பரில் புதுக் கட்டடம் திறந்தது. 82,000 சதுர அடி. மதுக்கடை மாடியிலிருந்து ரொம்ப தூரம். உள்ளே நுழைந்ததும் கீழ்நோக்கி இறங்கும் அகலப் படிகள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஹார்லெம் வீடுகளின் வாசற்படியைத் தலைகீழாக்கிய வடிவம் அது. நம் ஊர் திண்ணைபோல அக்கம்பக்கத்துப் பேச்செல்லாம் நடக்கிற இடம்தான் அங்கே வாசற்படி. வெளியே டேவிட் ஹேமன்ஸின் சிவப்பு, கறுப்பு, பச்சை அமெரிக்கக் கொடி. ரெசிடென்சி கலைஞர்களின் ஐம்பத்தெட்டு ஆண்டுகளைத் தொகுக்கும் கண்காட்சியும் அந்தத் திறப்பில் இருந்தது. தனிக் கண்காட்சி யாருடையது தெரியுமா? டாம் லாயிட். 1996இல் இறந்துபோனவர். முதல் நாள் ஜனங்களைக் கடுப்பேற்றிய அதே விளக்குகள், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதே வேகத்தில் மின்னி அணைந்தன. மேலே ஒரு தளத்தில் புதுக் கலைஞர்களுக்கான பட்டறைகள் இருக்கின்றன. அங்கே அடுத்த மூன்று பேர் நமக்கு இன்னும் பிடிக்காத ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.